வேர் பார்க்கிறவர்

நோயைச் செல்வம் என்று நினைத்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டி அலைந்தவன் நான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் வேறு சில பெருமைகள் கைவசம் இருந்தன. அவற்றின் பின்னால் இதை மறைத்து வைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் கரண்டு ஆபீசில் எனக்கு வேலை. கல்யாணமாகிப் புதிதாகக் குடிவந்த, பல குடித்தனங்கள் சேர்ந்த வளவு வீட்டின் பின்னால், இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குச் செவல் மண் கிடந்தது. ஆடியில் அவரை ஊன்றி, பந்தல் போட்டேன். கொடி ஏறியது. நானும் நூலகத்துக்குப் போய் ஒரு விவசாயப் புத்தகத்தை எடுத்துவந்து அறிவில் ஏறினேன். அவரை, பயறு வகைச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும், அவற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் என்று அதில் போட்டிருந்தது. வாசித்ததைச் சோதித்துப் பார்க்காமல் விட்டால் வாசித்தவனுக்கு என்ன மரியாதை? ஓரத்துக் கொடி ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முண்டு. உருத்திராட்ச மாலை மாதிரி இடைவெளி இல்லாமல் கோத்துக் கிடந்தது.

என் வீட்டுக் கொல்லையில் ஓர் உரத் தொழிற்சாலையே ஓடுகிறது என்கிற செய்தியை என்னால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு வளவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் போனேன். ஒவ்வொரு வாசலிலும் தழைச்சத்து பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவு. என் மனைவி மட்டும், "செத்த செடிய வச்சிக்கிட்டு என்ன ஊர்வலம் போறீய?" என்று கேட்டாள்.

வளவின் கடைசி வீடு அவருடையது.

அவர் விவசாய ஆபீசில் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளுக்குச் செய்து காட்டுகிற வேலையில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. என் பேச்சை அவர் கேட்டமாதிரியே தெரியவில்லை. கொடியை வாங்கினார். வேரைத் தொட்டித் தண்ணீரில் அலசினார். பெருவிரலால் ஒரு முண்டை நெருடினார்.

"நல்ல முண்டுன்னா இப்படித் தடவுன ஒடனே உதிரும்வே. நகத்தால கீறினா உள்ள ரோசாப்பூ நெறம் இருக்கும். இது உதிருதா, பாரும்."

உதிரவில்லை.

"இது வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்க முண்டு இல்ல. வேரே வீங்கிக் கெடக்கு. முடிச்சு. உள்ள நூற்புழு உக்காந்து தின்னுக்கிட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

"அப்பம் தழைச்சத்து, அண்ணாச்சி?"

"புழுவுக்குத்தான்."

"மேல கொடி நல்லா பச்சையாத்தானே நிக்கி?"

"பச்சை கடைசிலதான் போகும். உம்ம பந்தல் கார்த்திகை பாக்காது."

பார்க்கவில்லை. உச்சி வெயிலில் கொடி துவண்டு விழும். சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்காரும். நான் நிம்மதியடைவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தாமதமாக எழும். ஒருநாள் எழவில்லை. என் மனைவி காய்ந்த பந்தலைப் பார்த்துவிட்டு, "அவுக சொன்னாக, செத்துப்போச்சு. இனிமே அவுககிட்ட எதையும் கொண்டுபோய்க் காட்டாதீய. பிள்ளை பெறந்தா அதையும் காட்டாதீய" என்றாள்.

ஊரும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நெடிய ஆள். எப்போதும் குனிந்து குனிந்து முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். வலது கை நகங்களுக்குள் மண். சைக்கிளில் தொங்கும் பையில் ஒரு களைகொத்தி. யார் தோட்டத்துக்குப் போனாலும், அவர்கள் மகசூலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்துவார். "பொறும், கீழ பாப்போம்." அவ்வளவுதான். முழங்கால் போட்டு உட்கார்ந்து, இருப்பதிலேயே செழித்து நிற்கிற செடியாகப் பார்த்துப் பிடுங்கிவிடுவார். நோஞ்சான் செடியைத் தொடமாட்டார். "அது சொல்லுத சேதி எல்லாருக்கும் தெரியும். நல்லா இருக்கதுதான் பொய் சொல்லும்" என்பார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பிடுங்கி அண்ணாச்சி என்று பெயர். கல்யாண வீட்டு வாசலில் கட்டியிருக்கும் வாழை மரங்களை மட்டும்தான் அவர் சும்மா விட்டார். அவற்றுக்கு வேர் கிடையாது. ஒரு துஷ்டி வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். இறந்தவரின் மகன் அழுதுகொண்டே வந்து அவர் கையைப் பிடித்தான். இவர் ஒரு கையை அவனிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் முற்றத்து ஓரத்தில் நின்ற வெண்டைச் செடியை இழுத்துவிட்டார். அப்பா எப்போது தவறினார் என்று கேட்கவில்லை. "வெண்டை எப்பம் நட்டது?" என்று கேட்டார். பிறகு வேரை என்னிடம் காட்டி, "இங்கனயும் வந்துட்டு" என்றார். சாவு வீட்டில் ஒருவர் தாழ்ந்த குரலில் "வந்துட்டு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பக்கத்திலிருந்த நாலுபேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

பிச்சிப்பூத் தோட்டக்காரர் ஒருவர் அவரைக் கண்டதும் வரப்பிலேயே வந்து மறித்துக்கொள்வார். "அண்ணாச்சி, காப்பி குடிங்க, பலகாரம் சாப்பிடுங்க, கட்டில்ல படுத்து ஒறங்கக்கூடச் செய்யுங்க. செடிய மட்டும் தொட்டுராதீங்க." கருநாக்கு என்றார்கள். அவர் வாய் திறந்த தோட்டம் விளங்காது என்றார்கள். நான் ஒருநாள் பட்டும்படாமலும் இதை அவரிடம் சொன்னேன்.

"நான் சொல்லி வருதா, வந்ததச் சொல்லுதேனா?" என்றார்.

"வந்தத்தான் சொல்லுதீங்க. ஆனா கேக்கவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதில் சொல்லத் தகுதியில்லாத கேள்வி என்று நினைத்திருக்க வேண்டும். என் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கதிதான்.

ஆபீசின் பின்புறம் அவருக்கு ஒரு பாத்தி இருந்தது. மற்றவர்கள் சாணமும் சருகும் போட்டு மண்ணை வளர்ப்பார்கள். அவர் அதில் நோயை வளர்த்தார். எங்கெங்கோ பிடுங்கிய கத்தரி, தக்காளி வேர்களை முடிச்சோடு நறுக்கி, அந்த மண்ணில் கலந்து, தண்ணீர் தெளித்து, பிள்ளைக்குப் பால் ஊட்டுகிற பதனத்தோடு புழுவைப் பெருக்கினார். பிறகு அதில் வகைவகையாக விதை ஊன்றினார். பட்டவரை, சிவப்பவரை, ஆட்டுக்கொம்பவரை, சீனியவரை, தட்டாம்பயறு, குருவிகுளம் பக்கத்து மானாவாரி மொச்சை, மலையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பீன்ஸ். எந்த அவரையில் முடிச்சு விழாது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. ஆபீசில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவக்கூடப் போகமாட்டார்கள்.

செடிகளெல்லாம் பூத்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்துக்குக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டார். போனேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கினார். வேர்களை அலசி, சாக்கை விரித்து, வரிசையாகக் கிடத்தினார். ரயில் மோதிய இடத்தில் கிடத்தியிருப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

"பட்டவரை தோத்துட்டு. ஆட்டுக்கொம்பு சுத்தமா தோத்துட்டு. சீனியவரைய நெனச்சி வச்சிருந்தேன், அதுவும் போச்சு. இந்தத் தட்டாம்பயறப் பாரும். வேரா இது? இஞ்சி."

வரிசையின் கோடியில் குருவிகுளத்து மொச்சை கிடந்தது. அதன் வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கடுகுபோல் சில முடிச்சுகள்தான். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "இது எதிர்த்து நிக்குதே, அண்ணாச்சி!"

"எதிர்க்கல. தள்ளிப் போடுது." அந்த வேரை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் வாங்கும்வே. ஒண்ணு சீக்கிரம் வாங்கும், ஒண்ணு பைய வாங்கும். முடிச்சே விழாத அவரைன்னு இந்த ஒலகத்துல ஒண்ணு இருக்கணும். இல்லன்னா புழு போகாத மண்ணுன்னு ஒண்ணாவது இருக்கணும். ரெண்டும் இல்லன்னா நாம எதத் தின்னுக்கிட்டு இருக்கோம்?"

காலை வெயில்தான். ஆனாலும் எனக்கு லேசாகக் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியலை ஒதுக்கி வைத்தேன். என் மனைவி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

அவருக்கு ஒரே மகள். சிரித்த முகம். அப்பாவுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத முகம். அவளுக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். காப்பி வந்தது. எல்லோரும் டம்ளரைக் கையில் எடுத்தபோது பெண்ணின் தகப்பனாரைக் காணவில்லை. பின்பக்கமாக ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பா எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றார்.

இவர் தோட்டத்தின் நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பாத்திக்கு ஒன்றாகப் பிடுங்கிப்போட்ட அவரைச் செடிகள், பூவும் பிஞ்சுமாக வரப்பில் கிடந்தன.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல பச்சையப் பிடுங்கிப் போடுதீயளே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இவர் நிமிர்ந்தார். கையில் ஒரு வேர். வெள்ளை வெளேரென்று, நரைத்த முடிக்கற்றைபோல. முகத்தில் சிரிப்பு. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"சுத்தம்" என்றார். "ஒரு முடிச்சு இல்ல. என் மகள இங்கன குடுக்கேன்."

"ஜாதகம் பாக்க வேண்டாமா?"

"பாத்தாச்சு" என்று வேரை நீட்டினார்.

அந்த ஒரு பதிலுக்காகவே சம்பந்தம் முறிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்ததால் பிழைத்தது. கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் அவர் சொன்ன புத்திமதி இதுதான். வெளித்தோட்டத்து நாற்று எதுவும் உள்ளே வரக் கூடாது. அடுத்தவன் மண்வெட்டி உள்ளே வரக் கூடாது. ஆட்டுக்கிடை போடக் கூடாது. யார் வந்தாலும் கிணற்றடியில் கால் கழுவிவிட்டுத்தான் வரப்பில் ஏற வேண்டும். மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மாப்பிள்ளை நல்ல பையன். முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். பிறகு மாமனாரைவிடக் கடுமையாகிவிட்டான். தபால்காரர்கூடக் கால் கழுவித்தான் உள்ளே போனார்.

தலைப்பொங்கல் வந்தது. மகளுக்குப் பொங்கல்படி என்று சீர் கொடுக்க வேண்டும். பச்சரிசி, வெல்லம், கரும்பு, பனங்கிழங்கு, மஞ்சள்குலை, அப்புறம் சிறுகிழங்கு. சிறுகிழங்கு இல்லாத படியை எங்கள் பக்கத்தில் படி என்றே சொல்லமாட்டார்கள். சங்கரன்கோவில் சந்தையில் அவர் மனைவியே பொறுக்கி வாங்கினாள், மண்ணோடு. மண்ணோடு இருந்தால்தான் வாடாது. பஸ்ஸின் மேல் கரும்புக்கட்டு, உள்ளே சாமான்களோடு நாங்கள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள்.

தோட்டத்துக்குத் திரும்புகிற பாலத்தில் நின்று அவர் தன் செருப்பைக் கழற்றிக் கல்லில் தட்டினார். என் செருப்பையும் கழற்றச் சொல்லித் தட்டினார். "உம்ம ஊர் மண்ணு உம்மோட இருக்கட்டும்" என்றார். கிணற்றடியில் முழங்கால் வரைக்கும் இருவரும் கழுவினோம். பிறகு கிழங்குச் சாக்கை மாப்பிள்ளை வாங்க வந்தபோது, "என் மக வீட்டுச் சீர நான்தான் தூக்குவேன்" என்று தோளில் ஏற்றிக்கொண்டு, கழுவிய காலோடு உள்ளே நடந்தார்.

உணவென்று ஆகிவிட்டால் அது மண்ணிலிருந்து வந்தது என்பது மறந்துபோகும்போல. பின்னால் நடந்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தால்தான் ஆச்சரியம்.

சிறுகிழங்கைச் சாக்கில் கட்டிக் கல்லில் அடித்துப் புரட்டினால் தோலும் மண்ணும் கழன்றுவிடும். கிணற்றடிக் கல்லில் மகளும் மாமியாரும் அப்படித்தான் செய்தார்கள். செம்மண் கலங்கிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் பாத்திகளைப் பார்த்து ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து கரும்பு தின்றார். மறுவருஷமும் படி போனது. அதே சந்தை, அதே சாக்கு, அதே கல்.

அதற்கடுத்த ஐப்பசியில் மாப்பிள்ளை வந்து நின்றான். கையில் ஈரச்சாக்கு. அதற்குள் ஓர் அவரைக்கொடி. சாக்கைத் திறப்பதற்கு முன்பே அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது.

வேர் முழுக்க முடிச்சு.

அந்த வருஷம் அவர்கள் நம்பியிருந்தது அந்த அவரையைத்தான். அவர் மூர்க்கமாகத் துப்பறிய ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டக்காரனின் மண்வெட்டி வந்ததா? மாப்பிள்ளையின் தம்பி கத்தரி நாற்று கொண்டுவந்தானா? தம்பியை நேரிலேயே கேட்டார். அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். "சாமிக்கு நூற்புழுவப் பத்தி என்னல தெரியும்?" என்றார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, சங்கரன்கோவில் அம்மன் கோயில் புற்றுமண்ணைத் தாளில் மடித்து வாங்கிவந்து, நோய் போகட்டும் என்று பாத்தியில் தூவப் போனாள். இவர் குறுக்கே விழுந்து தடுத்தார். "எத்தன பேர் கால் பட்ட மண்ணோ! வெளி மண்ணு எந்த மண்ணும் உள்ள வரக் கூடாது!" அந்த அம்மாள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. முதலில் புற்றுமண்ணை அவமதித்த பாவம் என்றார்கள். நோய் அதற்கு முன்பே வந்துவிட்டதே என்று யாரோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்படியானால் அந்த வீட்டில் புதிதாக வந்தது என்ன என்று பார்த்தார்கள். புதிதாக வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கால் வைத்த நேரம். அப்பன் நாக்கு, மகள் கால்.

மார்கழி மாதம், "பிள்ளைய வந்து கூட்டிட்டுப் போங்க, கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கட்டும்" என்று சம்பந்தி ஆள் அனுப்பினார். கொஞ்ச நாள் என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்து வருஷக்கணக்கில் தாய்வீட்டு அடுப்படியில் நிற்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அவரோடு நானும் போனேன். வாசல் நடையில் மகளின் டிரங்குப் பெட்டி இருந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். சிரித்த முகம் என்று சொன்னேனே, அது அன்றைக்கு இல்லை. மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தியிடமும் சண்டை போடவில்லை. "பொறும், கீழ பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார்.

பாத்தியின் கடைக்கோடியில் ஆரம்பித்தார். ஒரு செடி பிடுங்குவார். பார்ப்பார். வாய்க்காலை ஒட்டியே மேலே வருவார். இன்னொன்று. கடைக்கோடியில் முடிச்சு கடுகளவு இருந்தது. மேலே வர வர மிளகாகி, கொண்டைக்கடலையாகியது. தண்ணீர் போன வழியே நோய் போயிருந்தது. அவர் அது வந்த வழியே திரும்பி வந்துகொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் கிணற்றடிக் கல் கிடந்தது.

கல்லின் ஓரத்தில், ஈரத்தில், யாரும் நடாத ஒரு சிறுகிழங்குச் செடி தானாக முளைத்துத் தழைத்து நின்றது. போன பொங்கலில் சாக்கிலிருந்து தெறித்து விழுந்ததாக இருக்கும். அதை உடனே பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிடுங்கினார். கிழங்கெல்லாம் பரு பருவாக, அம்மை போட்ட முகம்போல.

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம், சுற்றுமுற்றும் பார்த்ததுதான்.

"அண்ணாச்சி, யாரும் பாக்கல. இதக் குழில போட்டு மூடிருவோம். பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டின்னே இருக்கட்டும்."

"மூடுனா பைய வளரும்" என்றார்.

செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சம்பந்தியின் முன்னால் போட்டார். "உம்ம மருமக நேரத்துல வரல இது. அவ கால்ல வரல. நான் கொண்டுவந்தேன். பொங்கப்படிக் கெழங்குல, என் தோள்ல வச்சி, நானே கொண்டுவந்து எறக்கினேன். ஊர்ல யாரு கேட்டாலும் என்னயக் கையக் காட்டும்."

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். ஒரு மனுஷன் இப்படித் தன்னைத்தானே பிடுங்கிக் காட்டுவதைப் பார்க்கச் சங்கடப்படுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சரி" என்றார் சம்பந்தி கடைசியில். "அந்தப் பெட்டிய எடுத்து உள்ள வைங்க. ஆனா ஒண்ணு. நீரு இனிமே எங்க தோட்டத்துல கால் வைக்கக் கூடாது."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவர் ஒரு செடியையும் பிடுங்கவில்லை. களைகொத்தி சைக்கிள் பையிலிருந்து காணாமல் போயிற்று. ஆபீஸ் பின்புறத்துப் பாத்தியில் சாம்பலைக் கொட்டி மூடிவிட்டு வந்தார். அடுத்த ஆடியில் நான் மறுபடி ஊன்றிய அவரையைப் பார்க்கக் கூப்பிட்டபோது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கொல்லை வாசல்படியில் நின்றபடியே பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டபோது, முன்னால் அவர் சொன்ன எந்தச் சாபமும் என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை என்று தோன்றியது.

மகளைப் பார்க்கப் போனால் பாலத்தோடு நின்றுவிடுவார். அவள் பேரனைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவாள். கை கழுவாமல் பிள்ளையை வாங்கமாட்டார். மகளே செம்பில் வெந்நீர் கொண்டுவருவாள். முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, ரோட்டோரத்தில் பஸ் புழுதியில் நின்று பேரனை வாங்கிக் கொஞ்சுவார். பொங்கல்படி வருஷா வருஷம் தவறாமல் போயிற்று, சிறுகிழங்கு மட்டும் இல்லாமல். அதில்லாத படி என்ன படி என்று அவர் மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் அழுதாள்.

எண்பதுகளின் கடைசியில், வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பே ஒருநாள் மத்தியானம் திடீரென்று இறந்துபோனார். துஷ்டிக்கு வந்திருந்த சம்பந்தியம்மாளிடம், துக்கத்திலும் கொஞ்சம் இலக்கிய உணர்ச்சியிலும் நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சாக்குக் கிழங்கு இந்த மனுஷரை இத்தனை வருஷம் எப்படி அரித்துவிட்டது, பாருங்கள் என்றேன். அந்த அம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து சங்கரன்கோயில் சந்தைக் கெழங்குதான், தம்பி. அந்தக் கல்லுலதான் தேய்க்கோம். அவுக கொண்டுவந்துதான் புழு வரணுமா?"

நான் விடவில்லை. "மாப்ள வீடு பாக்க வந்தப்ப வேரெல்லாம் சுத்தமா இருந்துச்சே?"

"வாய்க்கா ஓரத்துப் பாத்தில அப்பம் அவரை இல்ல, சோளம்லா நின்னுது. அத யாரு பிடுங்கிப் பாத்தா?"

"அப்பம் அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே, அம்மா!"

அந்த அம்மாள் என்னை, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! அவுகளாத்தானே ஒத்துக்கிட்டாக? சம்பந்தக்காரக பேசும்போது எடைல புகுந்து மறுத்துப் பேசுதது மரியாதையா?"